ஆறுகல் மந்தை காசிம் பூட்டன்

மலைப்பாதையில லாரி ஏறாத காலம் அது. மாட்டுக் கழுத்து மணியைத் தவிர வேற சத்தமே கேக்காதாம். அப்ப நம்ம சுரக்காம்பட்டி மந்தையில, அதான் மாடு வந்து நிக்கிற ஊர்ப் பொட்டல்ல, காசிம் ராவுத்தர்னு ஒருத்தர் இருந்தாராம். மாட்டுக்கு லாடம் கட்டுறது அவரு தொழில். ஆளும் கிடையாது, அம்பும் கிடையாது. மாட்டைச் சாய்க்கிறப்ப வண்டிக்காரங்க கயித்தைப் பிடிப்பாங்க. குளம்பு செதுக்குறது, லாடம் வளைக்கிறது, ஆணி அடிக்கிறது எல்லாம் அவரு ஒரு கைதான்.

வேலைன்னா அப்படிச் சுத்தமாம். ஆனா ஒரு கோளாறு. முடியாதுங்கிற சொல்லு அவரு வாயில வராது.

"மாமா, என் மாட்டுக்கு?"

"வா மாப்ள, ஆச்சு."

"ராவுத்தரே, நம்ம மாட்டுக்கு?"

"வாங்க, ஆச்சு."

யாரு கேட்டாலும் ஆச்சு. எத்தனை மாடு நின்னாலும் ஆச்சு.

ஒரு வருஷம் மலைமேல பெரிய சந்தை. அடிவாரத்துல நம்ம மந்தையில வண்டியா வந்து நிக்குது. இவரு அடிக்கிறாரு, அடிக்கிறாரு, கஞ்சி குடிக்கக்கூட எந்திரிக்கல. கடைசியா வந்தது ஒச்சுன்னு ஒரு வண்டிக்காரன். அவனோட செவலைக் காளைக்கு அடிக்கிறப்ப இவருக்குத் தோளு மரத்துப்போச்சாம். அடிச்சு முடிச்சு, "ஆச்சு மாப்ள, ஏறு"ன்னுட்டாரு.

மூணாவது வளைவுல செவலை காலைத் தூக்கிடுச்சு. நடுங்குது, நகர மாட்டேங்குது. பின்னால பள்ளம். அரிசி மூட்டையோட வண்டி ஒரு முழம் சறுக்கிடுச்சாம். ஒச்சு பாய்ஞ்சு சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்து நிறுத்தினான். அப்புறம் காளையை அவுத்து மெள்ள மெள்ள இறக்கிக் கூட்டியாந்தான்.

"பாரு மாமா. என் செவலையைப் பாரு."

அவ்வளவுதான் சொன்னானாம்.

ராவுத்தர் குளம்பைத் தூக்கிப் பார்த்தாரு. ஆணி சதையில ஏறியிருக்கு. ரத்தம். பாதையில கல்லுக் குத்திருச்சுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. "என் கைதான் மாப்ள தப்புப் பண்ணிருச்சு"ன்னாராம். அவரே போய் வேற வண்டி பிடிச்சு மூட்டையை மேல அனுப்பினாரு. செவலையைத் தன் வாசல்ல கட்டி, ஆணியைப் பிடுங்கி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் வச்சுக் கட்டினாரு. பன்னெண்டு நாள். அந்தப் பன்னெண்டு நாளும் சுத்தியலைத் தொடவே இல்ல.

"இனி இந்தத் தொழில் வேணாம் சைனம்பு"ன்னாராம் பொண்டாட்டிகிட்ட.

அந்தம்மா கேட்டுச்சாம்: "அன்னைக்கு எத்தனை மாடு வரைக்கும் கை நேரா நின்னுச்சு?"

"ஆறு."

"ஒச்சு தம்பி மாடு எத்தனாவது?"

"பதினொண்ணு."

"ஆறு மாட்டுக்கு நல்லாக் கட்டுற கையை எதுக்கு மடக்கி வைக்கிறீக? மிச்சம் அஞ்சும் முடியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு அடிச்சதுதானே?"

புண்ணு ஆறுச்சு. ஒச்சு வந்தான். "நீயே அடி மாமா. இது வேற யாரு கையிலயும் காலைக் கொடுக்காது." இவரு சுத்தியலை எடுக்குறாரு, திரும்பக் கீழ வைக்கிறாரு. ஒச்சு கயித்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "அவசரமில்ல, மெள்ள அடி"ன்னான். ஒரு ஆணி. பார்த்தாரு. ரெண்டாவது ஆணி. பார்த்தாரு. அன்னைக்குச் செவலை மலை உச்சி வரைக்கும் நிக்காம ஏறுச்சாம்.

மறுநாள் ராவுத்தர் ஓடையில போய் ஆறு கூழாங்கல்லுப் பொறுக்கியாந்து மந்தையில வரிசையா வச்சாரு. ஒரு மாட்டுக்கு ஒரு கல்லு; ஒண்ணு முடிஞ்சா ஒரு கல்லை எடுத்து ஓரமா வைப்பாரு. கல்லு தீர்ந்தா வேலை தீர்ந்துச்சு. அதுக்கப்புறம் வந்தவங்ககிட்ட, "இன்னைக்கு முடியாதுங்க. இந்தக் கல்லைக் கொண்டு போங்க. விடிஞ்சதும் வாங்க, மொத வேலை உங்களுதுதான்"னு கையில ஒரு கல்லைக் கொடுத்துடுவாராம். கல்லோட வந்தவங்களை ஒருநாளும் காக்க வச்சதில்லையாம்.

எல்லாரும் பொறுத்தாங்களான்னா, இல்ல. பதினெட்டு மாட்டோட வந்த ஏலக்கா வியாபாரி ஒருத்தர், "உன் கல்லை நீயே வச்சுக்க"ன்னு கீழூருக்குப் போனவர் திரும்பவே இல்ல. ராவுத்தருக்கு வருத்தந்தான். ஆனா வெயில் சாயுறப்ப வீட்டுக்குப் போய், உட்கார்ந்து சோறு சாப்பிட்டாராம். அவரு கட்டுன லாடத்தோட எந்த மாடும் அப்புறம் மலையில நொண்டினதில்லன்னு சொல்லுவாங்க.

அதுலருந்துதான் அந்த இடத்துக்கு ஆறுகல் மந்தைன்னு பேரு. இன்னைக்கும் நம்ம ஊர்ல ஒத்தை ஆளாக் கடை திறந்தா, மாலை சால்வையெல்லாம் கிடையாது. ஓடையில ஆறு கல்லுப் பொறுக்கிக் கழுவிக் கொண்டு போய்க் கொடுக்கணும். போன மாசம் அந்தோணியம்மா மக செல்சியா தையக்கடை திறந்தப்ப நான்தான் கொண்டு போனேன். அவ ரெண்டு கையாலயும் வாங்கி மெஷின்மேல வரிசையா வச்சா. அப்புறம் ரெண்டு கல்லை எடுத்து என் கையிலயே திருப்பிக் கொடுத்தா.

"இப்பத்தானே தொடங்குறேன் பெரியப்பா. எனக்கு நாலு போதும்."