கோடரிகள் எண்ணிச் சொல்லட்டும்

ஓக் மரத்தடியில் கூடியிருக்கும் ஊரவைக்குத் தலைமை தாங்கும் பெரியவர் ஓர்ட்கர் அவர்களே! ஆலயத்திலிருந்து நடந்தே வந்திருக்கும் தந்தை சிரேட் அவர்களே! ஹேஸ்டிங்ஸ் குன்றுப் போரிலே கணவனைப் பறிகொடுத்து, இன்று கல் சுமக்க வரிசையில் நிற்கும் என் தாய்மார்களே! கடல் கடந்து வந்து எங்களை வென்று, எங்கள் ஊரிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் நார்மானியத் துரை ஹெர்லுவின் அவர்களே! துரையின் காதில் என் பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் ஐயா அவர்களே, ஒரு சொல்லையும் விழுங்கிவிடாதீர்கள்! அனைவருக்கும் பார்லி மது காய்ச்சும் தோலாவின் வணக்கம்.

ஆண்கள் பேசும் அவையில் பெண்ணுக்கு என்ன வேலை என்று அங்கே ஒருவர் முணுமுணுக்கிறார். பேச வேண்டிய ஆண்களைக் குன்றிலே புதைத்துவிட்டோமே அண்ணே! அதனால்தான் நான் மேடை ஏறினேன்.

எதைப் பற்றிப் பேச ஏறினேன்? கல்லைப் பற்றி! அந்தக் கல்லுக்குக் காரணமான சொல்லைப் பற்றி!

புனிதக் கொடியை முன்னால் பிடித்து வந்த நார்மானியப் படைதான். ஆனாலும் அவர்களுடைய திருச்சபை ஆயர்களே, கொன்ற பாவம் தீர அவர்களுக்கு ஒறுத்தல் விதித்தார்கள். கொன்ற ஒவ்வொருவனுக்கும் ஓராண்டு நோன்பிருந்து வருந்த வேண்டும். எத்தனை பேரைக் கொன்றோம் என்றே தெரியாதவனுக்குத்தான் வேறு வழி: ஆயுள் முழுக்க வாரம் ஒரு நாள் ஒறுத்தல், அல்லது ஓர் ஆலயம் கட்டித் தருவது. தந்தையே, சரியாகச் சொல்கிறேனா? தலையை ஆட்டுகிறார்.

நம் துரை என்ன சொன்னார்? ஆலய வாசலில் இந்த ஐயா பெயர்த்துச் சொல்ல எல்லோரும்தான் கேட்டோமே!

"எத்தனை பேருன்னு யாரு கண்டா சாமி? கூட்டத்துல குத்துனேன், விழுந்தாங்க. ஆலயமே கட்டிடறேன், விடுங்க."

மறுநாள் அவருடைய காரியக்காரர் எதில்டா வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நாளையிலேருந்து வீட்டுக்கு ஒருத்தர் கல்லு சுமக்க வரணும்."

"யாரு பண்ணுன பாவத்துக்கு?"

"தொர பண்ணுன பாவத்துக்குத்தாம்மா."

"ஏய்யா, அந்தாளு எம் புருசன வெட்டுவாரு, அதுக்கு நான் முதுகு ஒடியணுமா? நல்லா இருக்குய்யா உங்க ஞாயம்!"

சிரிக்காதீர்கள் தாய்மார்களே! கொன்ற கை மடியிலே, கல் நம் தலையிலே. பாவம் அவருக்கு, பாரம் நமக்கு! இது ஒறுத்தலா? இல்லை, நம்மை ஒடுக்குதல்!

இன்னொன்றும் சொல்கிறேன். துரைக்கு எண்ணிக்கை தெரியாது என்பதே பொய்!

அமைதி, அமைதி! காரியக்காரரே, உட்காருங்கள். பேசி முடித்த பிறகு என்னைக் கட்டி இழுக்கலாம்.

ஈஸ்டர் விருந்துக்கு மது ஊற்ற நான் துரை வீட்டுக் கூடத்துக்குப் போனேன். சுவர் நிறையக் கோடரிகள். தாம் வீழ்த்தியவனின் ஆயுதத்தை எடுத்து வந்து மாட்டுவது இவர்கள் வழக்கமாம். துரை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். அதற்கு உரியவன் எப்படி விழுந்தான் என்று விருந்தாளிகளுக்கு நடித்துக் காட்டினார். அவர் மொழி எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையே இல்லை! கைப்பிடியில் ஆட்டுத்தோல் சுற்றிய கோடரி ஒன்றை எடுத்தார். இடது முழங்காலை மடக்கினார். ஒரு கையை மேலே தூக்கினார். விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

அந்தத் தோலைச் சுற்றியவள் நான். பிடி பிளந்துவிட்டது என்று என் கணவர் பிரிட்ரிக் கொண்டுவந்து கொடுத்தபோது, அடுப்படியில் உட்கார்ந்து சுற்றினேன். அவர் எப்படிச் செத்தார் என்பதை, அவரைக் கொன்றவர் நடிக்கக் கண்டுதான் தெரிந்துகொண்டேன். குடம் கை நழுவவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

விருந்தில் ஒவ்வொருவனையும் நினைவில் வைத்திருந்தவர், தந்தையின் முன்னே மட்டும் மறந்துவிட்டாரா? வீரத்துக்குக் கணக்கு உண்டு, பாவத்துக்குக் கணக்கு இல்லையா?

"கோடரியக் காட்டு" என்று கத்துகிறாயே தம்பி, காட்டுகிறேன்! காலையில் துரை வீட்டுக்கு நான் மதுப் பீப்பாய் ஏற்றிப் போன வண்டி அதோ நிற்கிறது. சாக்கை விலக்குங்கள்.

ஆம் துரையே, உங்கள் சுவர் இப்போது வெறுஞ்சுவர். திருட்டு என்று என்னைத் தூக்கிலிடலாம். ஆனால் அதற்கு, இவை உங்கள் வீட்டுக் கோடரிகள்தான் என்று இந்த அவையில் நீங்களே சொல்ல வேண்டும். சொல்லுங்கள்! சொன்னால் எண்ணிக்கை வந்துவிடும். எண்ணிக்கை வந்தால் ஆலயம் என்ற குறுக்கு வழி அடைபட்டுவிடும். பிறகு நோன்பு உங்கள் வயிற்றுக்கு. எங்கள் தோளுக்கு ஒரு கல்லும் இல்லை!

சொல்ல மாட்டீர்களா? அப்படியானால் நாங்கள் சொல்கிறோம். தாய்மார்களே, வாருங்கள். அவரவர் வீட்டுக் கோடரி அவரவருக்குத் தெரியும். எடுங்கள், உயர்த்துங்கள், பெயரைச் சொல்லுங்கள். தந்தையே, நீங்கள் எண்ணுங்கள்.

பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. எழுந்து வருகிற உங்களுக்கும், விழுந்து கிடக்கிற அவர்களுக்கும் என் வணக்கம். முதல் கோடரி இது. முதல் பெயர், பிரிட்ரிக்!