ராணியின் முதுகில் உண்ணி

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் எஸ்டேட் வேலை முடிந்து திரும்பும் இரண்டு பெண்கள்.

“எங்க எறும்புக்கு உண்ணி புடிச்சிருச்சுங்க,” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“ஏனுங்க, ஊட்டுல எறும்பா வளக்கறீங்க?”

“பையன் வளத்ததுங்க. ராணி எறும்பு, கண்ணாடிக் குழாய்ல இருக்குது. துபாய் போறப்ப எங்கிட்ட உட்டுட்டுப் போனான். முன்னெல்லாம் போன் பண்ணுனா, ‘சாப்டியாம்மா’ன்னு கேட்டுட்டு வெச்சுருவான். உண்ணின்னு சொன்னதுல இருந்து தெனமும் வீடியோல வர்றான். நான் குழாயக் காட்டுவேன். அவன் கிட்டக்க வந்து உத்து உத்துப் பாப்பான். போன் பூரா அவன் மூஞ்சிதானுங்க.”

“உண்ணி போச்சுங்களா?”

“ஈரப் பிரஷ்ல ஒவ்வொண்ணா எடுக்கச் சொன்னான். நேத்தோட எல்லாத்தையும் எடுத்துட்டேனுங்க. பாவம், அதுவும் ஒரு உசுருதானுங்களே.”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது.

“இன்னைக்குப் போன் வந்தா, உண்ணி போயிருச்சுன்னு நீங்களாச் சொல்லாதீங்க,” என்றாள் மற்றவள். “தம்பியே கொஞ்ச நேரம் தேடட்டும்.”