எட்டு வீட்டு விலக்கும் என் வாசல் பலகையும்

மேடையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் மகளிர் குழுத் தலைவி, ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தால் தைக்கிற வேகத்தில் கட்டிங் டேபிளையே மூச்சுத் திணற வைக்கும் அம்மையார் ஆயம்மாள் அவர்களே! வெயிலென்றும் மழையென்றும் பாராமல் சந்து சந்தாக வந்து எங்கள் நலம் விசாரிக்கும் சுகாதாரச் செவிலியர் கலைமகள் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பின்வரிசையை நிறைத்து, பேச்சு எப்போது முடியும், பந்தி எப்போது தொடங்கும் என்று காத்திருக்கும் இளைஞர்களே! ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் மேலாக, கை நிறைய வளையலும் வயிறு நிறைய வருங்காலமும் சுமந்து அமர்ந்திருக்கும் ஐந்து பிள்ளைத்தாய்ச்சிச் செல்வங்களே! உங்கள் அத்தனை பேருக்கும் கட்டிங் மாஸ்டர் குமாரசாமியின் கனிவான வணக்கம்.

இந்த வளைகாப்பிலே வாழ்த்திப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால், இந்த இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டிலே, இந்தத் திருப்பூர் மண்ணிலே, நான் செய்த ஒரு தவறை உங்கள் முன்னால் சொல்லிவிட்டுத்தான் வாழ்த்துவேன். சொல்லட்டுமா? சொல்லுங்க என்கிறார் ஆயம்மாள். தலைவி உத்தரவு போட்டாயிற்று!

அனுப்பர்பாளையத்திலே என் காம்பவுண்டு. முன்னால் என் வீடு, பின்னால் வரிசையாக ஒன்பது வாடகை வீடு. ஒரு வீட்டிலே சகாயராஜும் சித்ராதேவியும். அவன் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன், டெய்லர். அவள் சிவகங்கைப் பக்கத்துப் பெண், தைத்த பீஸைச் சரிபார்க்கிற செக்கிங் வேலை. மனம் ஒத்தது, மணம் நடந்தது. இரண்டு பக்கமும் பெற்றவர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் பெண் உண்டானபோது, வா என்று அழைக்கத் தாய்வீடு இல்லை.

தாய்வீடு இல்லையென்றால் தாய்மார்கள் இல்லையா? மற்ற எட்டு வீட்டிலும் எட்டுத் தாய்மார்கள் இருந்தார்கள்! மதுரை, தேனி, விருதுநகர், திண்டுக்கல் என்று எட்டுப் பேருக்கும் எட்டு ஊர். அத்தனை பேரும் அவளை மகளாக எடுத்துக்கொண்டார்கள். அன்பு பொங்கியது. அன்போடு சேர்ந்து அவரவர் ஊர் வழக்கமும் பொங்கியது.

ஒருத்தி சொன்னாள், மீன் தின்றால் பிள்ளைக்குத் தோலிலே கரப்பான் வரும். அடுத்தவள் சொன்னாள், முட்டை தின்றால் பிள்ளைக்கு முடி வளராது. கேழ்வரகு கருப்பு, பிள்ளை கருத்துவிடும். வாழைப்பழம் குளிர்ச்சி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும். கீரை ஆகாது. பால் ஆகாது. பேரீச்சம்பழம் சூடு. எட்டாவது வீடு எல்லாவற்றுக்கும் மேலே போய்விட்டது. இரண்டாம் தடவை சோறு வாங்காதே, பிள்ளை பெருத்தால் ஆபரேஷன்தான்! ஊத்துக்குளி நெய்யை மட்டும் எவரும் தடுக்கவில்லை. எவரும் வாங்கிக் கொடுக்கவும் இல்லை.

சிரிக்கிறீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். ஏழாம் மாதத்திலே ஒரு நாள், பீஸ் பார்த்துக்கொண்டிருந்த டேபிள் மேலேயே மயங்கி விழுந்தாள் சித்ராதேவி. ரத்தம் சோதித்தார்கள். பத்துக்கு மேலே இருக்க வேண்டிய ரத்த அளவு ஏழிலே நின்றது. "ரெண்டு மாசந்தானுங்க இருக்கு. இப்படியே போனா பிரசவத்துல தாயும் தாங்காது, பிள்ளையும் தாங்காது" என்றார் நம் கலைமகள். அன்றோடு என் சிரிப்பு நின்றுபோனது.

கலைமகள் என்ன செய்தார் தெரியுமா? திட்டினாரா? இல்லை. எட்டுத் தாய்மார்களையும் குழாயடிக்கு அழைத்தார். பனியன் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து, ஒவ்வொருவரும் எதை வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். மிஞ்சியது என்ன? ரசம் சோறும் ஊறுகாயும்! மீனைத் தடுத்த ராக்கம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். "ஏத்தா, நான் ஒன்னே ஒன்னுதான சொன்னேன்!" என்று சொல்லி அழுதார்.

உண்மைதானே? அவரவர் ஊரிலே அந்த ஒன்று ஒன்றாகவே இருந்தது. பிழைக்க வந்த இடத்திலே எட்டு ஊர் ஒரே சுவருக்குள் கூடியது. எட்டு விலக்கும் ஒரே தட்டின் மேலே விழுந்தது. வஞ்சகம் யாரிடமும் இல்லை. பாசத்தாலேயே ஒரு பெண்ணைப் பட்டினி போட்டோம் ஐயா, பாசத்தாலேயே! அன்று சாயங்காலமே ராக்கம்மாள் மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு ஓடினார். கீரையைத் தடுத்தவர் முருங்கைக்கீரை ஆய்ந்தார். தடுத்த கையே ஊட்டிய கையானது.

கதை முடிந்தது என்று கை தட்டாதீர்கள். என் கதை இனிமேல்தான்.

மறுநாள் காலையிலே பார்க்கிறேன், கையிலே முட்டையை வைத்துக்கொண்டு வாசலிலே நிற்கிறாள் சித்ராதேவி. "ஏன் கண்ணு, வேக வைக்கலியா?" என்றேன். "இன்னைக்குக் கிருத்திகை மாஸ்டர். கேட்டுல போர்டு இருக்கே" என்றாள்.

இருந்தது. என் கையால் எழுதி, நான் மாட்டிய பலகை. 'செவ்வாய், வெள்ளி, சனி, கிருத்திகை, சஷ்டி, அமாவாசை நாட்களில் இந்தக் காம்பவுண்டுக்குள் கறி, மீன், முட்டை சமைக்கக் கூடாது.' மாதத்தில் பாதி நாள்! எட்டு வீட்டைப் பார்த்துச் சிரித்தவன், ஒன்பதாவது விலக்கை வாசலிலேயே தொங்கவிட்டிருந்தேன். வெட்கத்தால் என் முகம் சுருங்கிப் போனது.

அதோ, ஒரு பெரியவர் கேட்கிறார், "சாமி காரியமாச்சேங்க?" என்று. நியாயமான கேள்வி. அதே கேள்வியைத்தான் நானும் முருகன் கோயில் பூசாரியிடம் கொண்டுபோனேன். அவர் சொன்னார்: "ஏனுங்க மாஸ்டர், பிள்ளைத்தாய்ச்சிக்கு முருகனே விரதம் கேக்கறதில்லீங்க. நீங்க இருக்கற விரதம் உங்க நாக்குக்குத்தானுங்க. அந்தப் புள்ள தட்டுக்கு எதுக்குங்க அது?"

அது கிறிஸ்தவர்கள் நோன்பு இருக்கிற தவக்காலம். சகாயராஜ் தன் பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கிறான். அவரும் பிள்ளைத்தாய்ச்சிக்கு நோன்பு வேண்டியதில்லை என்றே சொல்லியிருக்கிறார். எங்கள் கம்பெனியிலே அயர்ன் போடுகிற பாய் சொன்னார், அவர் மனைவி மாசமாக இருந்தபோது ரமலான் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு பிடித்தாராம்.

எண்ணிப் பாருங்கள், என் இனிய மக்களே! சாமியின் பெயரால் வந்த சட்டத்திலே வாசல் இருக்கிறது. பசித்தவளுக்குத் திறக்கிறது, பலவீனப்பட்டவளுக்குத் திறக்கிறது, பிள்ளை சுமப்பவளுக்குத் திறக்கிறது! பக்கத்து வீடு போட்ட சட்டத்திலே வாசல் எங்கே? விரதம் இருப்பவன் தானே விரும்பி இருக்கிறான். பிள்ளைத்தாய்ச்சியின் விரதத்தை யார் விரும்பினார்கள்? அவளைக் கேட்டோமா? ஒரு நாளாவது கேட்டோமா? அத்தனை பேரும் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அவளை மட்டும் நோன்பு இருக்கச் சொன்னோம்! நானோ, சாமி திறந்து வைத்த வாசலிலே பலகை அடித்து மூடியிருந்தேன்.

மருத்துவர் ஒன்றை வேண்டாம் என்றால் வேண்டாம். அதிலே மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மருத்துவர் வேண்டும் என்பதை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

பலகையைக் கழற்றினேன். என் மனைவி பொன்னாத்தாள் பிறந்ததிலிருந்து முட்டையைத் தொட்டவள் அல்ல. "நம்ம அடுப்புல வேண்டாமுங்க. ஆனா அந்தப் புள்ள நிக்க முடியாம நிக்குது, நானே வேக வெச்சுத் தாரேன்" என்றாள். நம் ஊர்ப் பாத்திரக் கடையிலே ஒரு குட்டிச் சட்டி வாங்கி வந்தேன். வெளியே தனி ஸ்டவ். எங்கள் விரதமும் கெடவில்லை. அவள் உணவும் தடைபடவில்லை.

மருத்துவர் கொடுத்த மாத்திரையும் உள்ளே போனது, எட்டு வீட்டுச் சோறும் உள்ளே போனது. ஒன்பதாம் மாதம் ரத்தம் பத்தரை! பிறந்த பெண்ணின் எடை இரண்டே முக்கால் கிலோ! நான் பேசத் தொடங்கியதிலிருந்து மூன்றாம் வரிசையிலே எனக்குப் போட்டியாக ஒரு குரல் கேட்கிறதே, அது அவள்தான். சித்ராதேவி, பிள்ளையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டு கண்ணு. முட்டை தின்றால் முடி வளராது என்றவர்களே, அந்தத் தலையைப் பாருங்கள்! சீப்பு உடைகிற முடி!

இதோ ஐந்து சட்டிகள். பாத்திரத்திலே கொடுப்பவர் பெயரை வெட்டுவதுதான் நம் வழக்கம். இதிலே என் பெயர் இல்லை. சாப்பிடப் போகிற ஐந்து பேரின் பெயரை வெட்டியிருக்கிறேன். சட்டி அவளுடையது, பசி அவளுடையது, தீர்மானமும் அவளுடையதாக இருக்கட்டும். தாய்மார்களே, இனிமேல் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கண்டால், எது கூடாது என்று சொல்லாதீர்கள். என்ன வேணும் கண்ணு என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலே ஒரு தலைமுறை தலை நிமிரும்!

பொறுமையாகக் கேட்ட தலைவிக்கும், எங்கள் கண்ணைத் திறந்த செவிலியருக்கும், கூடி வந்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. பந்தி தயார். இன்றைக்கும் கிருத்திகைதான், காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்தான் குடித்திருக்கிறேன். ஆனால் இந்த ஐந்து பேர் இலையிலும் முதல் முட்டையை நான்தான் வைக்கப் போகிறேன். வாருங்கள், வணக்கம்!