தனக்கு வச்ச பங்கு

இல்ல தம்பி, அதை அழிச்சிடாதீங்க. கொஞ்சம் கையை எடுங்க அதுலேருந்து. மத்ததை என்ன வேணும்னாலும் செய்யுங்க, அந்த மூணாவது மட்டும் இருக்கட்டும்.

ஆமா, என் பொண்ணுதான் உங்களை வரச் சொன்னா. உள்ளேதான் இருக்கா, மீட்டிங்ல. பேசப் பேச நெட் அறுந்து போகுது, வேண்டாததையெல்லாம் கழிச்சு விட்டுட்டு எனக்கு வேகத்தைக் கூட்டிக் குடுக்கச் சொல்லும்மான்னா. அவ சொல்றதும் நியாயம்தான், பொழப்பாச்சே. ஆனா எது வேண்டாததுன்னு சொன்னாளா? சொல்லலையா. வாய் வந்திருக்காது.

டீ ஆறுது பாருங்க, எடுத்துக்கோங்க.

இது என் பையன் கட்டினது. வெளியூர் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, இந்த அலமாரியிலேருந்து என் துணிமணியெல்லாம் இறக்கிட்டு இந்தப் பெட்டியை ஏத்தினான். ஒரு பெட்டிக்குள்ள மூணு கம்ப்யூட்டர் குடியிருக்கும்மான்னான். அக்கா ஆபீஸுக்கு ஒண்ணு, நெட்ல நடக்கற என் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு ஒண்ணு, அவன் என்னைக் கூப்பிட ஒண்ணு. அவன் தங்கியிருந்த இடத்துலேருந்து நேரா பேச வராது, இந்தப் பெட்டி வழியா சுத்தித்தான் வருவான். மூணுக்கும் லைனைப் பிரிச்சு விட நடுவுல ஒரு ஸ்விட்ச் இருக்குன்னான். நானும் துடைக்கிறப்பல்லாம் தேடறேன், ஒரு பொத்தானைக் காணோம். அப்படிச் சிரிச்சான்! அம்மா, அது உள்ள எழுதி வச்ச ஸ்விட்ச், கண்ணுக்குத் தெரியாது, நீ கும்பிடறது மட்டும் தெரியுதாங்கறான். வாயாடி.

யாருக்கு எவ்வளவு வேகம்னு பங்கு வச்சதும் அவன்தான். எப்படி வச்சான்னு சொல்லலை, நானும் கேக்கலை. எங்க கூட்டத்துல ஒரு நாள் கூட படம் நின்னதில்ல தம்பி. மத்த பொம்பளைங்களுக்கெல்லாம் பொறாமை. உங்க வீட்டுக்கு மட்டும் தனி ரோடாம்பாங்க.

அவன் கூப்பிடறப்ப மட்டும் மூஞ்சி சின்னதா, மங்கலா வரும். ஏன்டா, நல்ல போன் வாங்கேன்னா, மூக்கு எங்க வாய் எங்கன்னு தெரியுதுல்ல, போதும்பான். ஒரு நாள் பேசிட்டே இருந்தவன் அப்படியே நின்னுட்டான். வாய் திறந்தபடி, கை பாதி தூக்கினபடி. நான் பதறிப் போயி கூட்டத்தைப் பாதியிலேயே நிறுத்தினேன். இவளும் ஆபீஸ்ல சொல்லாமக் கொள்ளாம எல்லாத்தையும் அணைச்சா. வீடே அவனுக்காக ஒதுங்கி நின்னுச்சு. அப்பவும் அவன் அசையல. அது ஏன் தம்பி? படிச்சவங்க நீங்க, பாத்துச் சொல்லுங்களேன்.

வரம்பா? எதுக்கு வரம்பு?

ஓ. நாங்க ரெண்டு பேரும் சும்மா இருந்தாலுமா? ரோடு முழுக்கக் காலியாக் கிடந்தாலும் அவன் அந்த ஓரத்துலதான் வரணுமா? அதுக்கு மேல விடாதா?

யார் வச்சது அப்படி?

பேர் எழுதியிருக்கா? படிங்க.

அவனேவா.

இல்ல, ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி. நீங்க பாருங்க.

என்னைப் பாத்துக் கத்துக்கிட்டது தம்பி அது. எல்லாருக்கும் போட்டுட்டு அடியில இருக்கறதை வழிச்சு நான் சாப்பிடுவேன். உனக்கு மட்டும் பசிக்காதாம்மான்னு சின்னதுல சண்டை போடுவான். என்னைத் திட்டிட்டு அதையே செஞ்சு வச்சிருக்கான் பாருங்க.

தெரியும். அதுல இப்ப யாரும் வர்றதில்லதான். மாசக்கணக்கா ஒண்ணும் ஓடலைன்னு உங்க திரையில காட்டும், இல்லையா? காட்டட்டும்.

கடைசியா அவன் ஆஸ்பத்திரிக் கட்டில்லேருந்து கூப்பிட்டான் தம்பி. நர்ஸம்மா ஒருத்தங்க போனைப் பிடிச்சிட்டு நின்னாங்க. புள்ளையை அம்மா நல்லாப் பாக்கட்டும்னு, பாவம், அவன் சின்னதா வச்சிருந்த படத்தை அவங்க பெருசாக்கி விட்டிருக்காங்க. பளிச்சுன்னு வந்துச்சு மூஞ்சி. எவ்வளவு இளைச்சிட்டான்னு அப்பதான் பாத்தேன். அம்மான்னான். அந்த வரம்பைத் தாண்டிருச்சு போல, அதோட படம் நின்னுச்சு. அடுத்து கூப்பிட்டது அவன்கூட வேலை பாக்கறவங்கதான். புள்ளை போயிட்டான்னு சொல்ல.

நீங்க எழுந்திரிக்காதீங்க, உக்காருங்க. பொண்ணுக்குக் கூட்டிக் குடுக்கணும், அவ்வளவுதானே? என் பங்கை எடுத்துக் குடுங்க. நான் இப்பல்லாம் கண்ணை மூடிட்டு இங்கேயே உக்காந்து கும்பிட்டுக்கறேன், அதுக்கு லைன் எதுக்கு?

அவனுதை அழிக்க வேண்டாம். அந்த வரம்பை மட்டும் எடுத்து விடுங்க. முழுசா. இந்த வீட்ல ஒரு தடவையாவது என் புள்ள முதல் பந்தியில உக்காரட்டும்.