கடைசி வரைவுக்குப் பிறகு மாறிய வரி

தேநீர் வேண்டாம் அய்யா, மத்தியானத்துக்கு மேல் குடித்தால் எனக்குத் தூக்கம் வராது. நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

நோயாளிக்கு மருந்து ஏற்றும் இயந்திரமும் அதை இயக்கும் கணினியும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு தரநிலை, அதாவது விதிப் புத்தகம், இருக்கிறது. அதை எழுதிய குழுவில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். சம்பளம் கிடையாது. என் மகளின் பள்ளி விழா ஒன்றுக்குக்கூடப் போனதில்லை. எழுதி முடித்ததும் தரநிலை அலுவலகம் அதற்கு அட்டை போட்டு, யானை விலைக்கு விற்றது. எழுதிய எனக்கே ஒரு பிரதி தர மாட்டோம் என்றார்கள். வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

வாங்க முடியாத கம்பெனிக்காரர்கள், இணையத்தில் சும்மா கிடைக்கும் கடைசி வரைவை வைத்து வேலையை ஓட்டுவார்கள். ஊரறிந்த ரகசியம் அது. ஆனால் அந்த வரைவுக்குப் பிறகு கடைசிக் கூட்டத்தில் ஒரு வரியை மாற்றினோம். மருந்தின் அளவு இல்லாமல் கட்டளை வந்தால், பழைய அளவிலேயே ஏற்று என்றது வரைவு. நிறுத்து என்றது புத்தகம்.

வரைவின் முதல் பக்கத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டு, சின்னக் கம்பெனிப் பொறியாளர் ஒருத்தி போன் செய்தாள்.

"சார், புக் வாங்க மேனேஜர் ஒத்துக்கவே மாட்டேங்கிறாரு. வரைவை வச்சே செஞ்சிடலாமா? அதுக்கப்புறம் ஏதாவது மாறிச்சா?"

"ஒண்ணும் மாறலம்மா. தைரியமா செய்."

வாய் தவறிச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். இலவசமாகக் கொடுங்கள் என்று எத்தனையோ கடிதம் போட்டும் அந்த அலுவலகத்துக் கல்நெஞ்சுக்காரர்கள் அசையவில்லை. யாராவது செத்தால்தான் அசைவார்கள் என்று தெரிந்தது.

அவள் கம்பெனி இயந்திரம் நிறுத்தாமல் பழைய அளவிலேயே ஏற்றியதில் மூன்று பேர் செத்தார்கள். ஒருவர் பேருந்து ஓட்டுநர், குடலிறக்க அறுவைக்கு வந்தவர். செய்தி வந்த அன்றே பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினேன். முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். எல்லோரும் கொதித்தார்கள். இப்போது அந்தத் தரநிலையை யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

அந்தப் பெண்ணை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். தான்தான் தப்பாகப் படித்துவிட்டோம் என்று அழுகிறாளாம். விட்டுவிடுங்கள். அவள் சரியாகத்தான் படித்தாள், கொன்றது நான்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டி வைத்தவர்கள் அவர்கள், நானல்ல. அவள் இன்னொரு தடவை கேட்டிருந்தால் அந்த வரியைச் சொல்லியிருப்பேன்.