வலது பக்கமாய் விழுகிறவள்

— சட்டைக் கையை இறக்காதை, புஷ்பம். முழங்கையைக் காட்டு.

— என்னப்பா இது, பட்டப்பகலில கதவைச் சாத்திப்போட்டு? தேத்தண்ணி ஆறுது.

— ஆறட்டும். காலமை கிணத்தடியில கண்டனான். இப்ப கிட்ட வைச்சுப் பாக்கோணும்.

— கட்டின பெண்சாதியைக் கிணத்தடியில எட்டிப் பாக்கிற வயசே உங்களுக்கு?

— பகிடி விடாதை. ஒண்டு, முழங்கை இரண்டும் உரஞ்சு கிடக்கு. இரண்டு, முழங்கால் சிரட்டை கறுத்துப்போச்சு. மூண்டு, வலது தோள்மூட்டு. என்ரை உள்ளங்கை அளவுக்கு நீலம். எங்கை விழுந்தனீ?

— சைக்கிளால.

— சைக்கிள் காத்துப் போய் இரண்டு கிழமையாய்ச் சுவரோடை நிக்குது.

— அப்ப, படியில.

— எங்கடை வீட்டிலை படி இல்லை.

— கணக்கு வாத்தியாரைக் கட்டினா இதுதான் வில்லங்கம். ஒரு பொய் சொன்னாலும் கூட்டிக் கழிச்சுப் பாக்காமல் விடமாட்டார்.

— மெல்லக் கதை. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். புஷ்பம், நான் கேக்கிறதுக்கு நேராய்ப் பதில் சொல்லு. நீ இயக்கப் பெடியளோடை எங்கையாவது போய்வாறியே?

— என்ன?

— பயிற்சிக்கு.

— நானே? வாற தை மாதம் எனக்கு நாப்பது, மனுசா! துவக்குத் தூக்கச் சொன்னா அவங்கள் என்னையும் சேத்தெல்லே தூக்கோணும். ஐயோ, சிரிக்க வையாதையுங்கோ, விலா நோகுது.

— விலாவும் நோகுதே? நாலு.

— எண்ணிக்கொண்டே போங்கோ. இடுப்பும் இருக்கு. சிரட்டை மாதிரி வீங்கிக் கிடந்தது, மஞ்சள் பத்துப் போட்டு இப்பத்தான் வத்தினது.

— இந்த இடங்களில காயம் இருந்தா ஆமிக்காரங்கள் என்ன நினைப்பாங்கள் எண்டு உனக்குத் தெரியாதே? தவழ்ந்து பழகினவைக்குத்தான் முழங்காலும் முழங்கையும் தேயும். துவக்குச் சுட்டா அடிக்கட்டை வலது தோளிலைதான் வந்து இடிக்கும். அதைத்தான் பாக்கிறாங்கள். அடையாள அட்டையைக்கூடப் பிறகுதான் பாக்கிறாங்கள். நாளைக்கு விடிய எங்கடை பக்கம் சுத்திவளைப்பு.

— நாளைக்கோ? ஆர் சொன்னது?

— பள்ளிக்கூடத்தில... கதைச்சவை.

— ஆமிக்காரன் வாத்திமாருக்குச் சொல்லிப்போட்டே வந்து வளைக்கிறவன்?

— புஷ்பம். எங்கை விழுந்தனீ?

— சரி. அந்தத் தையல் மெசின் மூடியைக் கழட்டுங்கோ. தைக்கிற துணிக்குக் கீழை ஒரு பொட்டலி இருக்கு.

— என்ன பாரமிது? இரும்பு... நாலு சில்லு... தோல் வார்...

— சில்லுச் சப்பாத்து. மற்றக் காலுக்கானதும் அதுக்குள்ளதான். செருப்போடையே காலை வைச்சு, அந்தச் சின்னத் திறப்பால முறுக்கினா பிடிச்சுக்கொள்ளும். எங்கடை அப்பா நேவிக் கிளப்பில பட்லரெல்லே. வெள்ளைக்காரர் கப்பலேறின வருசம் ஒரு துரையின்ரை பெண்சாதி விட்டிட்டுப் போனது. நான் அந்த வருசம்தான் பிறந்தனான். பத்து வயசில அந்தக் கிளப் மண்டபத்தில பழகினன். ஒற்றைக்காலில சுத்துவன், பின்பக்கமாய் ஓடுவன், எட்டுப் போடுவன்.

— பத்தொன்பது வருசமாய் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

— பொம்பிளை பாக்க வரேக்கையே அம்மா சொல்லிப்போட்டா, 'சில்லில ஆடின கதையை மாப்பிளை வீட்டுக்குச் சொல்லாதை, காலில பழுது எண்டு நினைப்பினம்' எண்டு.

— இப்ப எங்கை ஆடுறாய்?

— வேலை செய்யிற கிட்டங்கியில. முத்தலிப் முதலாளிக்கு இப்ப அரிசியும் வாறேல்லை, சீமெந்தும் வாறேல்லை. நான் தட்டச்சடிக்கிறது ஒரு நாளைக்கு ஒரு கடிதம். மிச்ச நேரம் அந்தப் பெரிய கூடம் வெறுமையாய்க் கிடக்கு. முப்பது வருசம் மூட்டை இழுத்து இழுத்து நிலம் கண்ணாடி மாதிரி. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு கதவைச் சாத்திப்போட்டு ஆடுவன்.

— ஆரும் கண்டதே?

— முதலாளி ஒரு நாள் கண்டிட்டார். வாசலிலையே நிண்டு, 'புள்ள, உழுந்து கெடந்தியெண்டா நான் மாஸ்டருக்கு என்ன சொல்ல?' எண்டார். பிறகு அவரே சில்லுக்குள்ள போடுறதுக்குச் சைக்கிள் குண்டும் கிறீசும் வாங்கித் தந்தவர்.

— அவரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம்.

— அவர் புல்மோட்டைக்குப் போய் நாலு நாள். பாதை மூடிக் கிடக்கு.

— இவ்வளவு விழுந்தும் ஏன் நிப்பாட்டேல்லை?

— விழுறதுக்கும் ஒரு முறை இருக்கப்பா. கையை ஊண்டினா மணிக்கட்டு போயிடும். அதால பக்கமாய்ச் சரிஞ்சு விழோணும். நான் எப்பவும் வலது பக்கம்தான் சரியிறனான். அதுதான் இந்தத் தோளும் இடுப்பும். முழங்காலுக்குச் சைக்கிள் ரியூப்பை வெட்டி, உள்ளுக்குப் பழந்துணி வைச்சுக் கட்டுறனான். விழுந்த உடனை மீன்வாடியில ஒரு துண்டு ஐஸ். பின்னேரம் நல்லெண்ணெயில கற்பூரம் போட்டுக் காய்ச்சி உருவுவன். காலமை எழும்பேக்க முதல் பத்து அடி கிழவி மாதிரித்தான் நடப்பன். நீங்கள் காணேல்லை, நான் குசினிக்குள்ளதான் அந்தப் பத்தடியையும் நடக்கிறது. பதினைஞ்சு வயசில மூண்டு நாளில மாறின காயம் இப்ப மூண்டு கிழமை நிக்குது.

— அதைத்தான் கேக்கிறன். இவ்வளவு நோவைப் பட்டுக்கொண்டு ஏன்?

— ஆனி மாதம் உங்களைப் பிடிச்சுக்கொண்டு போனாங்கள். பதினொரு நாள். முதல் மூண்டு நாளும் முகாம் வாசலில நிண்டன். துரத்திப்போட்டாங்கள். நாலாம் நாள் கிட்டங்கியில இருந்து ஒரு கடிதம் அடிக்க வெளிக்கிட்டன். ஒரே எழுத்து ஏழு தரம் விழுந்தது. அப்பத்தான் இதை எடுத்துக் காலில மாட்டினன். சில்லில நிக்கேக்க வேறை ஒண்டும் நினைக்க ஏலாது. நினைச்சா விழுந்திடுவம். பயம் ஒரு முழம் பின்னாலை நிண்டிடும்.

— நான் வந்தபிறகும் ஆடினாய்.

— நீங்கள் வந்தபிறகு எனக்குப் பயம் கூடிப்போச்சு. இருந்தாப்போலை எழும்பி நிக்கிறியள். சாப்பாட்டில கையை வைச்சபடி இருக்கிறியள். பேர் சொல்லிக் கூப்பிட்டா கழுத்தைத் திருப்பாமல் உடம்போடை திரும்பிறியள். இப்பவும் பாருங்கோ! இன்னும் நோகுதே?

— நோகுது.

— வாங்கோ, இந்தக் கதிரையில இருங்கோ. எண்ணெய் இருக்கு. உருவிவிடுறன். கதைச்சுக்கொண்டே உருவுவன். ஐயோ, கல்லு மாதிரிக் கிடக்கு. அங்கை கழுத்தில அடிச்சவங்களே?

— இல்லை. ஒரே மாதிரி இருத்தி வைச்சவங்கள்.

— ஓம் எண்டு தலையாட்டவும் ஏலாது, இல்லை எண்டு ஆட்டவும் ஏலாது. நல்ல புருசன்தான் எனக்கு. இஞ்சாருங்கோ, நான் இந்தச் சப்பாத்தைக் கையில கொண்டுபோய்க் காட்டினா? 'ஐயா, இதில விழுந்தனான்' எண்டு, வேணுமெண்டா வரிசையில நிக்கவிடுற பள்ளிக்கூடச் சீமெந்தில ஒரு சுத்துச் சுத்திக் காட்டுறன்.

— சில்லைக் கழட்டிப் பார். உள்ளுக்கு என்ன கிடக்கு?

— குண்டு. உருக்குக் குண்டு.

— ஒரு சில்லுக்குப் பதினாலு. எட்டுச் சில்லு. நூற்றிப் பன்னிரண்டு உருக்குக் குண்டு. கண்ணிவெடிக்குள்ள போடுறதும் இதே குண்டுதான். முந்தநாள் ஆமி குண்டுப் பொதியைப் பிரிச்சுப் பாத்து ஒரு சைக்கிள் கடைக்காரனைக் கூட்டிக்கொண்டு போனது என்னத்துக்கு எண்டு நினைக்கிறாய்?

— கடவுளே... அப்ப இதை என்ன செய்யிறது?

— பொழுதுபட முதல் கிணத்துக்குள்ள போடு.

— போட்டா என்னட்டைச் சொல்ல ஒண்டுமே இல்லையே! காயம் மட்டும் இருக்கும்.

— ஓம். காயம் மட்டும்தான் இருக்கும்.

— கிண்ணியாவுக்குப் போறன். என்ரை சினேகிதி ஜெமீலா வீட்டில இரண்டு நாள் நிண்டிட்டு வாறன். கடைசி லோஞ்சு இன்னும் போகேல்லை.

— இறங்குதுறையிலையும் சட்டைக் கையை உயர்த்திப் பாக்கிறாங்கள். மற்றது, வீட்டுப் பட்டியலில உன்ரை பேர் இருக்கு. நாளைக்கு வரிசையில ஆளில்லை எண்டா அதோடை முடிஞ்சுது. வரத்தான் வேணும்.

— அங்கை என்னதான் நடக்கும், சொல்லுங்கோ.

— கவனமாய்க் கேள். முதல் எல்லாரையும் ஒவ்வொராளாய் ஜீப்புக்கு முன்னாலை நடக்கவிடுவாங்கள். ஜீப்புக்குள்ள சாக்கால முகத்தை மூடின ஒருத்தன் இருப்பான். அவன் தலையை ஆட்டினாத்தான் பிடிப்பாங்கள். அப்பிடிப் பிடிச்ச பொம்பிளையளை ஒரு துணி மறைப்புக்குப் பின்னாலை கொண்டுபோய், பொம்பிளைப் பொலிஸ் காயம் பாக்கும். ஆட்டேல்லை எண்டா நேரை வாசலால வீட்டுக்குப் போகலாம்.

— மறைப்புக்குப் பின்னாலை நடக்கிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— கேள்விப்பட்டனான். நீ நொண்டக்கூடாது. நொண்டினா அவன் ஆட்டாட்டிலும் பக்கத்தில நிக்கிறவன் பிடிச்சிடுவான். உருவினது காணும். அலுமாரியில இருந்து கதவு மட்டும் நட பாப்பம்.

— ... சரியே?

— நொண்டுறாய்.

— சில்லுப் போட்டா நான் நொண்டுறேல்லை. வெறுங்காலிலைதான் நொண்டல்.

— திருப்பி நட. குதியை முதல் வை... கண் கலங்கக்கூடாது... இன்னொருக்கா... ஓம். இது பரவாயில்லை. பக்கத்து வீட்டு அன்னலட்சுமி அக்காவுக்குப் பின்னாலை நில். அவ ஆறுதலாய் நடப்பா, நீயும் ஆறுதலாய் நடக்கலாம்.

— நீங்கள் எங்கை நிப்பியள்?

— நான் இண்டைக்குப் போகோணும். ஐஞ்சு மணிக்கு வாகனம் வரும்.

— முகாமிலை கையெழுத்து வைக்கிறது வெள்ளிக்கிழமையெல்லே? இண்டைக்கு வியாழன்.

— இந்தமுறை வரச்சொல்லியிருக்கு. நாளைக்குப் பின்னேரம் விடுவாங்கள்.

— அப்ப நாளைக்கு நான் தனியவே அந்த ஜீப்புக்கு முன்னாலை நடக்கப்போறன்?

— நான் அங்கை நிப்பன், புஷ்பம்.

— முகாமுக்குள்ள இருந்துகொண்டு அங்கை எப்பிடி நிக்கிறது? ஆறுதலுக்குச் சொல்லாதையுங்கோ. இருங்கோ, கழுத்தை இன்னும் கொஞ்சம் உருவிவிடுறன். பிறகு ஆர் உருவப்போறது... எல்லாம் அந்தத் தலையாட்டியின்ரை கையிலை என்ன? ஆரெண்டே தெரியாத ஒருத்தன். போன மாதம் தபால் கந்தோர்த் தவராசாவுக்கு ஆட்டினவன். அந்தப் பெடியன் என்ன செய்தவன்? கிளிவெட்டியில தங்கச்சிக்குக் கலியாணம் எழுதி வைச்சிருந்தவன். இண்டைவரைக்கும் ஆள் வரேல்லை. தாய் கோயில் வாசலில மண்ணை அள்ளி வீசினவ, நான் பக்கத்தில நிண்டனான்.

— தெரியும்.

— நானும் ஒரு பிடி அள்ளி வீசினனான்.

— அது... தெரியாது.

— அவன்ரை கழுத்து முறிஞ்சு விழோணும். இரவில நித்திரை வரக்கூடாது. கையை வைச்சாலும் சோறு இறங்கக்கூடாது... ஏன் கழுத்தை இழுக்கிறியள்? பலமாய் உருவிப்போட்டனே?

— இல்லை. உருவு.

— தவராசாவுக்கே ஆட்டினவன் எனக்கு ஆட்டமாட்டானே? பயத்தில ஆட்டுவான். ஆட்டாட்டி அவனுக்கு அடி விழுமாம். ஒரு வரிசைக்கு இத்தினை பேர் வேணுமெண்டு எண்ணித்தான் இருத்திறவங்களாம்.

— மூண்டு பேர்.

— என்ன?

— வரிசைக்கு மூண்டு பேர். ஆனால் உனக்கு அவன் ஆட்டமாட்டான்.

— எப்பிடிச் சொல்லுறியள்? அவன்ரை கழுத்து உங்கடை சொல்லே கேக்கும்? அது வாகனச் சத்தமே? ஒழுங்கை முடக்கில நிக்குது. சொல்லுங்கோவன், எப்பிடித் தெரியும்?

— கையை எடுத்திடாதை, புஷ்பம். நீ இப்ப பிடிச்சுக்கொண்டிருக்கிற கழுத்துத்தான் அது.