தகரம் அடித்த தெரு

மேடையிலிருக்கும் சங்கத்து மூத்தவர்களே, அண்ணியே, அண்ணனின் மகளே, வேலையை நிறுத்திவிட்டு எண்ணெய்க் கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் என் பம்ப் பட்டறைத் தெருவே, வணக்கம்.

சங்கத் தலைவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் பேசுகிறேன்.

நம் ‘எட்டிப்பார்’ அண்ணன் போய்விட்டார். அந்தப் பெயரை வைத்ததே நாம்தானே? காலையில் டீ கிளாஸோடு ஒவ்வொரு பட்டறை வாசலிலும் நிற்பார். “என்னப்பா, புதுசா ஏதாவது?” பார்த்ததைச் சும்மா வைத்துக்கொள்வாரா? “அங்க ஒருத்தன் பம்ப்புக்குள்ள சுத்துற இறக்கையைச் சின்னதாக்கிட்டான், கரண்ட் கம்மியா இழுக்குது, நீயும் பண்ணிப் பாரு” என்று அடுத்த வாசலில் சொல்லிவிடுவார். தான் கண்டுபிடித்ததையும் அப்படியே அவிழ்த்துக் கொட்டுவார். ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் திருத்தினோம். ஊரெல்லாம் நம் தெருவைத் தேடி வந்தது எதனால்? இரும்பு இங்கே மட்டுமா கிடைக்கிறது? லேத் இங்கே மட்டுமா ஓடுகிறது? பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம், வாயைத் திறந்து பேசிக்கொண்டோம். அவ்வளவுதான்!

நாம் என்ன செய்தோம்? “இந்த ஆளு நம்ம வேலையை எல்லாம் திருடிட்டுப் போறாரு” என்றோம். ஒரு பட்டறைக்காரர் இன்னொரு பட்டறைக்குள் நுழையக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். வாசலுக்கு வாசல் தகரம் அடித்தோம். அண்ணன் சண்டை போட்டாரா? “சரிப்பா” என்று சொல்லிவிட்டு, டீயைத் தன் வாசலிலேயே குடித்தார். அதற்குப் பிறகு இந்தத் தெருவில் புதிதாக ஒரு பம்ப் வந்திருக்கிறதா? செய்தவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்ப்போம்! நானும் தூக்கவில்லை.

நேற்று அவர் மகள் சங்க அலுவலகத்துக்கு ஒரு பம்ப்பைத் தூக்கிவந்து என் மேசையில் வைத்தாள். “அப்பா கடைசிவரைக்கும் இதோடதான் மல்லுக்கட்டினாரு சித்தப்பா. எல்லாம் சரியா வந்துச்சு. ஷாஃப்ட் பக்கம் கசிவு மட்டும் நிக்கவே இல்ல.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கசிவை என் லேத் ஆள் போன வருஷமே நிறுத்திவிட்டான். தண்ணீரைத் தடுக்கிற சீலுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பிரிங், அவ்வளவுதான் வேலை. என் பட்டறை அண்ணனுக்கு எதிர் வாசல்! நடுவில் ஒரு தகரம். அதைச் சொன்னதும் அவள் கோபப்படக்கூட இல்லை. “தெரிஞ்சிருந்தா அப்பாவே இதுல தண்ணி ஏத்திப் பார்த்திருப்பாரே, சித்தப்பா” என்றாள்.

அவரைப் புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போக நமக்கு என்ன அருகதை இருக்கிறது? அந்தத் தீர்மானத்தை இங்கேயே கிழித்துப் போடுவோம். கூட்டம் கலைந்ததும் முதலில் என் வாசல் தகரம் இறங்கும். ஸ்பானர் பையிலேயே இருக்கிறது. அண்ணன் விட்ட வேலையைத் தெருவே சேர்ந்து முடிக்கும்.

பாப்பா, நாளைக் காலையில் அப்பாவின் பம்ப்பை எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வாம்மா. வாசலில் நின்று எட்டிப் பார்க்காதே. நேராக உள்ளே வா.